நான்கு கதவும் ஒரு பூட்டும்

பூட்டு என்றவுடன் கள்வனை நினைப்பது உலக வழக்கு. வெளியே நிற்பவன் உள்ளே புகாதிருக்கவே மனிதன் தாழ்ப்பாளைக் கண்டான், சாவியைக் கண்டான், வாயிலில் நாயையும் கட்டினான். உள்ளே இருப்பவர் தாமாகக் கதவைத் திறந்து வெளியே விழாதிருக்கவும் பூட்டு வேண்டியிருக்கும் என்பதைச் சென்ற ஆண்டிலேதான் எமது வீட்டார் உணர நேர்ந்தது. எமது பழைய காரின் நான்கு கதவுகளையும் ஒருங்கே பூட்டும் மின்பூட்டை, அதாவது இங்குள்ள கராச்சுகளில் 'சென்ரர் லொக்' என்று வழங்கும் அந்தச் சாதனத்தை, நாம் பூட்டுவித்த கதை அதனால் வந்ததே.

காரைப் பற்றி முதலில் இரண்டு வார்த்தை. ஜப்பான் நாட்டில் 1980-களில் பிறந்த சிறிய வண்டி அது. இலக்கத் தகட்டின் நடுவே 'ஸ்ரீ' எழுத்தைத் தாங்கியது. இரணைமடுச் சந்தியிலிருந்து குளத்துக்குப் போகும் வழியில், கிரவல் புழுதியும் மாரிச் சேறும் மாறிமாறிப் பூசி, அதன் உண்மை நிறம் இன்னதென்று ஆணையிட்டுச் சொல்லமுடியாத நிலையில் இருக்கிறது. புதியது வாங்கலாமே என்று நகரத்து உறவினர் கேட்பதுண்டு. 2020 மார்ச்சில் இலங்கை அரசு தனியார் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025-இன் தொடக்கத்திலேயே அந்தத் தடை தளர்ந்தது. தளர்ந்த பின்னும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டால், ஓய்வூதியக்காரர் ஒருவர் தம் பழைய காரின் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குள் போவதே அறிவுடைமை. ஆகவே இருப்பதைத் திருத்தி ஓட்டும் குடும்பங்களுள் எமதும் ஒன்று.

இத்தகைய வண்டிகளில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குமிழ். கண்ணாடியின் அடியோரத்தில் அது தலைநீட்டி நிற்கும். அமுக்கினால் பூட்டு, இழுத்தால் திறப்பு. வவுனியாப் பக்கம் போகும்போது முறிகண்டியில் நிறுத்தாத வாகனம் இல்லை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு புறப்படுவது ஏ-9 வீதியின் எழுதாச் சட்டம். இறங்கும் ஒவ்வொரு தடவையும் சாரதி முன்னும் பின்னும் எட்டி, நான்கு குமிழையும் அமுக்கிப் பார்க்கவேண்டும். மூன்றை அமுக்கி ஒன்றை விடுவது மனித இயல்பு. இதைப் பொருட்படுத்தாமலே பல ஆண்டுகளை நாம் ஓட்டிவிட்டோம். காரினுள் களவு போகத்தக்க பொருளாகக் குடை ஒன்றும் கச்சான் சரை ஒன்றுமே இருந்தன.

பொருட்படுத்தவேண்டி வந்தது அம்மாவினால். அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. சில ஆண்டுகளாக மறதி நோய். வயோதிபத்தில் பெயர்கள் மறப்பது எவர்க்கும் உள்ளது. இது அவ்வகையன்று. நேற்றைய நாள் முழுவதும் அழிந்துபோகும். ஐம்பது ஆண்டுக்கு முந்திய ஒரு மழைநாள் அப்படியே நிற்கும். மாதம் ஒருமுறை யாழ்ப்பாணத்தில் மருத்துவரிடம் காட்டவேண்டும். போக எழுபது கிலோமீற்றர் அளவில் வரும், வரவும் அவ்வளவே. அம்மா முன் ஆசனத்தில்தான் அமர்வார். பின் ஆசனத்தில் இருத்தினால் தம்மை எங்கோ கடத்திச் செல்வதாக எண்ணிக் கலங்குகிறார். முன்னே இருந்தால் வயலைப் பார்க்கிறார், மாடுகளை எண்ணுகிறார், எதிரே வரும் லொறியின் நிறத்தைச் சொல்கிறார். நோயின் நடுவே அவருக்கு மிஞ்சிய சிறு இன்பங்களுள் அது ஒன்று.

ஒரு நாள் ஆனையிறவைக் கடந்துகொண்டிருந்தோம். இருமருங்கும் நீரும் உப்பும் வெயிலில் பளபளத்தன. வண்டி அறுபதில் போகிறது. அம்மா மிக இயல்பாக, "நிப்பாட்டு ராசா, வீடு வந்திட்டுது" என்று சொல்லி, கதவின் கைப்பிடியை இழுத்தார். கதவு ஒரு சாண் திறந்தது. காற்று அதைத் திரும்ப அறைந்தது. அந்த அறைதலே அம்மாவைத் திடுக்கிட்டுப் பின்வாங்கச் செய்தது. பின்னாலிருந்த எமது இல்லாள் பாய்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். வண்டியை ஓரத்தில் நிறுத்தியபின் வெகுநேரம் எவரும் பேசவில்லை. அம்மா மட்டும், "ஏன் இஞ்ச நிக்கிறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் அறிவுரைகளுக்குக் குறைவில்லை. இருக்கைப் பட்டியை இறுக்குங்கள் என்றார் ஒருவர். பட்டி அணிவித்தே இருந்தோம். அந்தப் பொத்தானை அமுக்கி விடுவித்துக்கொள்ள அம்மா கைக்கு மறதி இல்லை. குழந்தைப் பூட்டைப் போடுங்கள் என்றார் இன்னொருவர். கதவைத் திறந்தால் அதன் பக்கவிளிம்பில் தெரியும் சிறு நெம்பு அது. அதனைத் தட்டிவிட்டால் உட்கைப்பிடி செயலிழக்கும், வெளியிலிருந்து மட்டுமே கதவு திறக்கும். ஆனால் கார் செய்வோர் அதைப் பின்கதவுகளிலேயே வைக்கின்றனர். முன் ஆசனத்தில் இருப்பவர் வளர்ந்தவர், அறிவுடையவர் என்பது அவர்கள் கணக்கு. வளர்ந்தவர் மீண்டும் குழந்தையாவதுண்டு என்பதை அந்தக் கணக்கில் எவரும் சேர்க்கவில்லை.

ஆயினும் ஒன்றைக் கவனித்தோம். குமிழ் கீழே இறங்கியிருக்கையில் எமது காரின் உட்கைப்பிடி வெறுமனே இழுபடும், கதவு திறவாது. அம்மாவின் கை பழக்கத்தால் அறிந்தது கைப்பிடியை இழுப்பதை மட்டுமே. குமிழை உயர்த்திப் பின் கைப்பிடியை இழுப்பது என்ற இரண்டடுக்கு வேலை அவர் நினைவில் இப்போது இல்லை. ஆகவே, வண்டி நகருமுன் அந்தக் குமிழ் தவறாது இறங்கியிருந்தால் போதும். அதைச் சாரதி தம் இடத்திலிருந்தே செய்யக்கூடியதாக இருக்கவேண்டும். அம்மாவைத் தாண்டிக் கை நீட்டினால், "ஏன் என்னைப் பூட்டிறாய்?" என்று கேட்கிறார். கேள்வி நியாயமானது. விடைதான் எம்மிடம் இல்லை.

இந்த இடத்தில், மாணவ வாசகர்களுக்காகச் சிறிது பழங்கதை சொல்வோம். கதவுப் பூட்டை மின்சாரத்தால் இயக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவில் ஸ்கிரிப்ஸ்-பூத் என்ற உல்லாசக் காரில் 1914-ஆம் ஆண்டிலேயே அது வந்துவிட்டது. நாட்டில் மாட்டுவண்டியே வாகனமாக இருந்த காலம்! பிறகு ஏனோ மறக்கப்பட்டு, 1956-இல் பக்கார்ட் கார்களில் மீண்டும் தலைகாட்டிற்று. மெர்சிடிஸ் நிறுவனத்தார் ஒரு காலத்தில் மின்சாரத்தையும் விட்டு, குழாய்களில் காற்றை உறிஞ்சி அந்த இழுவிசையால் பூட்டுகளை இயக்கினர். சாவியைக் கதவில் நுழைக்காமல் தூரத்திலிருந்தே திறக்கும் கருவி 1982-இல் பிரான்சின் ரெனோ ஃபுவேகோ காரில் வந்தது. அதை ஆக்கிய போல் லிப்சூட்ஸ் என்பவரின் பெயரைச் சுருக்கி, பிரான்சியர் அக்கருவியை 'பிளிப்' என்றே அழைக்கின்றனர். செல்வர் காரில் பிறந்த பொருள் ஏழை காருக்கும் இறங்கிவந்தது, தனியாக வாங்கிப் பூட்டத்தக்க பெட்டிகளாக அது கடைக்கு வந்த பின்னரே.

கிளிநொச்சியில் கராச் வைத்திருக்கும் தம்பி ஒருவர் எம்மிடம் முன்னொருகால் படித்தவர். வாகன மின்வேலையில் வல்லவர். அவருடைய தகப்பனாரும் அப்படியே. 1990-களில் பொருளாதாரத் தடை இருந்தபோது பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. சில துளி பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் புகை மணம் இன்னும் பலருக்கு நினைவிருக்கும். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலமும் அதுவே. அந்தப் பள்ளியில் மின்சாரம் பயின்ற தலைமுறைக்குக் கார்க் கதவு ஒரு பொருட்டா? அவர் பிள்ளை எம் குறையைக் கேட்டு, "சேர், சென்ரர் லொக் போடுவம். ஒரு நாள் வேலை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவவின்ர கை எங்க போகுதெண்டு நான் பாக்கவேணும்" என்றார். நோயாளியைப் பாராமல் மருந்து கொடுப்பவர்களை நாம் அறிவோம். கதவைத் தொடுமுன் கையைப் பார்க்க விரும்பிய இந்தத் தம்பியின் மீது அப்போதே நம்பிக்கை பிறந்தது.

வாங்கிய பெட்டிக்குள் இருந்தவை இவை: கதவுக்கு ஒன்றாக நான்கு சிறு மோட்டார்கள், தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று, வயர்க் கட்டு, உருக்குக் கம்பிகள், கம்பியோடு கம்பியைப் பிணைக்கும் கவ்விகள், திருகாணிகள், இரண்டு ரிமோட். விலையை எழுதப்போவதில்லை. இன்று எழுதினால் நாளை பொய்யாகும்.

அந்தச் சிறு மோட்டாரின் செயல் மிக எளியது. உள்ளே பற்சக்கரங்கள் வழியாக ஒரு தண்டு முன்னும் பின்னும் நகரும், ஏறத்தாழ முக்கால் அங்குலம். பன்னிரண்டு வோல்ற்று மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் தண்டு நீளும், மறுதிசையில் பாய்ந்தால் சுருங்கும். கதவினுள் குமிழையும் பூட்டையும் இணைத்து ஏற்கெனவே ஒரு கம்பி ஓடுகிறது. மோட்டாரின் தண்டிலிருந்து வரும் கம்பியை அந்தப் பழங்கம்பியோடு கவ்வியால் பிணைத்துவிட்டால், மனிதக் கை செய்ததை மோட்டார் செய்யும். சாரதியின் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், ஏனையவற்றுக்கு இரண்டே. சாரதிக் கதவில் உள்ளது தான் இருக்கும் நிலையைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லவும் கடமைப்பட்டது. அதற்காகவே மேலதிக மூன்று வயர். சாரதி தம் குமிழை அமுக்கியதும் பெட்டி அதையறிந்து, மற்ற மூன்று மோட்டார்களுக்கும் ஒரு நொடிக்கும் குறைந்த நேரம் மின்சாரத்தை விடுகிறது. அதற்குமேல் விட்டால் மோட்டார் சூடேறிக் கருகும்.

கதவின் உள்ளட்டையைக் கழற்றியதும் நாம் கண்ட காட்சியைச் சொல்லாமல் இருக்கமுடியாது. வன்னியின் செம்புழுதி அரை அங்குலம் படிந்திருந்தது. அதனுள் ஒரு சீப்பு, இரண்டு நாணயம், கணக்கற்ற கச்சான் கோது. பல ஆண்டு முறிகண்டிப் பயணங்கள் அங்கே படிவுப்பாறை போல் அடுக்கடுக்காகக் கிடந்தன. தம்பி முதலில் மோட்டாரைத் தொடவேயில்லை. ஒவ்வொரு பூட்டையும் கழுவி, காற்றடித்து, எண்ணெயிட்டு, ஒரு விரலால் அசையும்வரை இளக்கினார். "பூட்டு இறுகிக் கிடந்தா மோட்டார் என்ன செய்யும் சேர்? ரண்டு மாசத்தில பல்லுத் தேய்ஞ்சு போகும். ஆக்கள் மோட்டாரைத்தான் பேசுவினம்." அரைநாள் இதிலேயே கழிந்தது. மின்வேலையின் சிறப்பு மின்சாரத்தில் இல்லை, துடைப்பதில் இருக்கிறது என்று அன்று எண்ணிக்கொண்டோம்.

கண்ணாடியைக் கீழே இறக்கி, அது எங்கே வந்து நிற்கிறதென்று பார்த்த பிறகே துளையிட இடம் குறித்தார். மோட்டாரை வைத்த இடத்தில் கண்ணாடி வந்து இடித்தால் இரண்டுக்கும் அழிவு. தண்டு பழங்கம்பியோடு ஒரே நேர்கோட்டில் அசையும்படி வைத்தார். சற்றுச் சாய்ந்தாலும் விசை பக்கவாட்டில் வீணாகும். வயர்களைக் கதவுக்கும் உடலுக்கும் இடையே இரப்பர்க் குழாய் வழியே கொண்டுசென்றார். நாளொன்றுக்குப் பத்துத் தடவை மடங்கி விரியும் இடம் அது. வெறும் வயர் அங்கே உரசி அறுந்து, தகரத்தைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். பற்றரியிலிருந்து வரும் வயரில், பற்றரிக்கு அண்மையிலேயே ஒரு பியூஸ். இறுதியாக, உள்ளட்டைக்குப் பின்னால் இருந்த பிளாஸ்ரிக் விரிப்பு. அதைப் பலர் எறிந்துவிடுகிறார்களாம். கண்ணாடி இடுக்கால் கதவினுள் மழைநீர் இறங்குவது இயல்பு. அடியிலுள்ள துளைகளால் அது வடிந்துவிடும். அந்த விரிப்பு இல்லாவிட்டால் கார்த்திகை மழை நேரே ஆசனத்துக்கு வரும். கிழிந்திருந்த விரிப்புக்குப் பதில் புதிதாக வெட்டி ஒட்டினார்.

வாக்குவாதம் ஒன்றும் நிகழ்ந்தது. அம்மாவின் பக்கத்துக் குமிழை அடியோடு வெட்டிவிடலாம் என்று கராச்சில் வேலை பார்க்கும் இளைஞர் சொன்னார். வெட்டிவிட்டால் அம்மா என்ன செய்தாலும் கதவு திறவாது, முழுப் பாதுகாப்பு. எமது இல்லாளும் முதலில் அதற்கு இசைந்தார். ஆனையிறவில் அம்மாவின் தோளைப் பற்றிய கை அவருடையது அல்லவா?

நாம் இசையவில்லை. காரணம் குளத்தங்கரையில் வாழ்வோருக்குப் புரியும். 1902-இல் கனகராயன் ஆற்றை மறித்து அணை கட்டத் தொடங்கிய நாளிலிருந்து, இந்த ஊரார் வாழ்வதும் அஞ்சுவதும் அந்த நீரைக்கொண்டே. 2018 டிசம்பரில் ஓரிரவில் கொட்டிய பெருமழையில் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் மூழ்கியபோது, வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாமல் வாகனங்கள் நின்றன. நீருக்குள் அகப்பட்ட காரில் முதலில் கெடுவது மின்சாரம். மின்சாரம் கெட்டபின் மோட்டார் வெறும் இரும்பு. அவ்வேளை கதவைத் திறப்பது குமிழும் கைப்பிடியும் மட்டுமே. அம்மாவால் முடியாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவர் கைநீட்டி உயர்த்த அங்கே ஒரு குமிழ் இருந்தாகவேண்டும். மோட்டாரால் இயங்கும் வான்கதவுக்குக்கூடக் கையால் சுற்றி உயர்த்தும் ஏற்பாடு ஒன்றை வைப்பது பொறியியலார் வழக்கம் என்று நாம் எடுத்துச் சொன்னோம். தம்பி தலையாட்டினார். இளைஞர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். முடிவில், குமிழை வெட்டாமல் அதன் தலையை மாற்றி, பிடிப்பதற்கு வழுக்கும்படி மெல்லிய ஒன்றைத் தம்பி பொருத்தினார். விரல்நுனியால் வேண்டுமென்றே பற்றினால் உயரும், தடவும் கைக்கு அகப்படாது. இது எந்தப் பெட்டியிலும் வராத பாகம்.

வேலை முடிந்ததும் தம்பி பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, எம்மைக் காருக்குள் இருத்தி, நான்கு கதவையும் கையால் திறக்கச் செய்தார். அதன் பிறகே கூலி வாங்கினார். மின்பூட்டுப் போடுவிப்போர் எல்லோரும் இந்தச் சோதனையைக் கேட்டுப் பெறவேண்டும். பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு மற்றொன்றும் சொல்வோம். ரிமோட் விளையாட்டுப் பொருளன்று. வெயிலில் மூடி நிறுத்திய காரினுள் வெப்பம் ஏறுவதன் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்திலேயே நிகழ்ந்துவிடுகிறது. குழந்தையையோ முதியவரையோ உள்ளே விட்டு, "இதோ வருகிறேன்" என்று பொத்தானை அமுக்கிச் செல்வது எக்காரணத்தாலும் தகாது.

அம்மாவின் கைப்பையில் ஒரு சாவி இருக்கிறது. பழைய வீட்டின் முன்கதவுச் சாவி. 2008-இன் பிற்பகுதியில் ஊர் இடம்பெயர்ந்தபோது அவரே பூட்டி எடுத்தது. 2010-இல் மீளக் குடியமர வந்தபோது அந்த வீட்டுக்குக் கூரையில்லை, கதவில்லை, கதவு நின்ற நிலையுமில்லை. இப்போதுள்ள வீட்டின் பூட்டு வேறு. சாவியை எறிந்துவிடச் சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை. கராச்சில் காத்திருந்த அந்த நாளில் அம்மா அதனை எடுத்துத் தம்பியிடம் நீட்டி, "இது சரியோ பாரும்" என்றார். தம்பி வாங்கி, ஒரு துளி எண்ணெயிட்டுத் துடைத்து, "சரியா இருக்கு அம்மம்மா, கவனமா வச்சிருங்கோ" என்று திருப்பிக் கொடுத்தார்.

இப்பொழுது பயணங்கள் அச்சமின்றி நடக்கின்றன. சாரதிக் குமிழை அமுக்கியதும் நான்கு கதவிலும் ஒரே கணத்தில் 'டக்' என்று ஓசை எழுகிறது. பரந்தனிலோ, பளையிலோ அம்மாவின் கை ஒருமுறை கைப்பிடிக்குப் போகும், இழுக்கும், பின் மடியில் வந்து அமரும். அவர் மீண்டும் மாடுகளை எண்ணத் தொடங்குவார். ஒன்றே ஒன்றுதான் குறை. அந்த 'டக்' ஓசை எழும் ஒவ்வொரு முறையும் அம்மா தலையைத் திருப்பி, "ஆர் தம்பி கதவைத் தட்டினது?" என்று தாழ்ந்த குரலில் கேட்கிறார். ஒருவருமில்லை என்று சொல்கிறோம். ஓசை குறையும்படி மோட்டாரின் அடியில் மெல்லிய இரப்பர் வைத்துத் தருவதாகக் கராச்சுத் தம்பி சொல்லியிருக்கிறார். அடுத்த கிழமை போகவேண்டும்.